பழைய மோட்டார் சைக்கிளைச் சீர்செய்து, மாற்றியமைத்து, ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கித் தன் விருப்பப்படி மாற்றியமைக்கத் தொடங்குபவர்களின் வேலை பாதியிலேயே நின்றுபோவதற்கு, பெரும்பாலும் வேலையின் வரிசை தவறுவதே காரணமாகிறது. வண்டி வந்த வாரத்திலேயே சீட்டையும் மட்கார்டையும் கழற்றிப் போட்டு, சேஸிஸின் வாலை அறுத்து, டேங்கைப் பெயிண்ட் அடிக்க அனுப்பிவிட்ட பிறகுதான், எஞ்சினுள் சுழலும் கிராங்க் தண்டின் பேரிங் தேய்ந்திருப்பதும் சேஸிஸ் ஒரு பக்கம் கோணியிருப்பதும் தெரியவருகின்றன. அப்போது கையில் பணமும் மீதம் இருப்பதில்லை, பொறுமையும் மீதம் இருப்பதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி வேறொரு வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் வண்டியை உள்ளபடியே ஓடவைக்க வேண்டும், அடுத்து அது நேராகப் போகவும் ஒழுங்காக நிற்கவும் வேண்டும், அதன் பிறகே வடிவத்தில் கைவைக்க வேண்டும், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

1. வடிவத்தையும் வண்டியையும் தேர்ந்தெடுத்தல்

இன்று நாம் பெயர் சொல்லி அழைக்கும் வடிவங்கள் ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து பிறந்தவை. 1950-களிலும் 60-களிலும் பிரிட்டனின் இளைஞர்கள் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட விரும்பி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, கால் மிதிகளைப் பின்னே தள்ளி, தேவையற்ற எடையைக் களைந்ததிலிருந்து கஃபே ரேசர் உருவானது. அந்த மரபின் உச்சமாகக் கருதப்படும் ட்ரைட்டன், ட்ரையம்ஃப் எஞ்சினை நார்ட்டனின் சேஸிஸில் பொருத்தியது. ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்து 1950-ல் பந்தயத்துக்கு வந்த ‘ஃபெதர்பெட்’ சேஸிஸின் நிலைத்தன்மைதான் அந்தக் கலப்புக்குக் காரணம். அமெரிக்காவில் முன் மட்கார்டை நீக்கி, பின் மட்கார்டைக் குறுக்கி எடையைக் குறைத்ததால் பாபர் வந்தது. 1960-களில் ஃபோர்க்கை நீட்டி, சேஸிஸின் தலையையே அறுத்துச் சாய்த்த சாப்பர் அதிலிருந்து பிரிந்தது. கரடுமுரடான பாதைக்காகச் சைலன்சரை உயர்த்திய ஸ்கிராம்ப்ளரும் இவ்வாறு வந்ததே. எந்தச் சாலையில், எவ்வளவு தொலைவு, தனியாகவா இருவராகவா ஓட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால் வடிவம் தானே அமைந்துவிடும். மணிக்கணக்கில் பயணம் செய்ய விரும்புபவர், மணிக்கட்டின் மேல் உடல் எடையைச் சுமத்தும் கஃபே ரேசரை அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதத்தில் ஹேண்டில்பாரை மாற்றிவிடுவார்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலாக உதிரிபாகம் கிடைக்குமா என்பதைப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் சிபி வரிசை, யமஹா எக்ஸ்எஸ் 650, பிஎம்டபிள்யூவின் காற்றுக் குளிர்ச்சி பாக்சர்கள் (இரு பக்கமும் படுத்திருக்கும் சிலிண்டர்கள் கொண்டவை), ராயல் என்ஃபீல்டு புல்லட், ட்ரையம்ஃபின் 650 இரட்டை சிலிண்டர்கள் ஆகியவை மீண்டும் மீண்டும் மாற்றியமைக்கப்படுவதற்கு, அவற்றின் கேஸ்கெட்டும் பிஸ்டனும் கிளட்ச் தகடும் இன்றும் புதிதாகக் கிடைப்பது முக்கியக் காரணம். முழுமையாகவும் அசலாகவும் தப்பிப் பிழைத்திருக்கும் அரிய வண்டியை அறுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாதி பாகங்கள் ஏற்கெனவே தொலைந்துபோன, ஆனால் எஞ்சினும் சேஸிஸும் ஆவணமும் சரியாக உள்ள வண்டியே இந்த வேலைக்கு ஏற்றது.

ஆவணத்தைப் பொறுத்தவரை, சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்பதை நேரில் பார்க்க வேண்டும். எண் பொறித்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டோ புதிதாகக் குத்தப்பட்டோ தோன்றினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுவது நல்லது. சேஸிஸை வெட்டுவதற்கும் எஞ்சின் மாற்றுவதற்கும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அரம் எடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

2. கழற்றுவதற்கு முன் பரிசோதனை

முதல் பரிசோதனை, எஞ்சின் சுழல்கிறதா என்பது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். நகரவில்லை என்றால் காலால் ஓங்கி மிதிக்கக் கூடாது; பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும் நிலையில் அப்படிச் செய்தால் ரிங்கும் கிக்கர் பல்லும் உடையும். துரு இளக்கும் எண்ணெயைப் பிளக் துளை வழியாக ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்ப்பதே பாதுகாப்பான முறை.

சுழல்கிறது என்றால் கம்ப்ரஷன் அளவை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை, எடுக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு அளக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். பல சிலிண்டர் எஞ்சினில் தனி எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாடே அதிகம் சொல்லும். அது 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளந்தால், அளவு கூடினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருப்பதாகவும், கூடாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை என்றும் கொள்ளலாம்.

சேஸிஸுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சக்கரங்களின் இரு பக்கமும் நீளமான நூலையோ நேரான சட்டத்தையோ பிடித்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். ஸ்டீயரிங் தலைக்குப் பின்னால் கீழ்க்குழாயில் பெயிண்ட் சுருங்கியோ உதிர்ந்தோ இருந்தால், வண்டி முன்பக்கமாக எதிலோ மோதியிருக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்தில் வயர், கேபிள், ஹோஸ் எல்லாம் எந்த வழியாகப் போகின்றன என்பதைப் புகைப்படங்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். தேவை என்று நினைப்பதைவிட இருமடங்கு எடுத்தாலும் பிறகு போதாமல்தான் இருக்கும்.

3. கருவிகளும் மரைகளும்

அந்த வண்டிக்குரிய தொழிற்சாலை மேனுவல்தான் முதல் கருவி. அடுத்து, வண்டியின் மரை எந்த முறையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பிஎஸ்எஃப், சைக்கிள் மரை ஆகியவை கலந்திருக்கும். 1960-களின் இறுதியிலிருந்து படிப்படியாக யுஎன்எஃப் மரைகள் வந்தன. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிப்பது. நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று. மில்லிமீட்டர் ஸ்பேனரை ஏறக்குறையப் பொருத்தித் திருகினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். ஜப்பானிய வண்டிகளில் உள்ள நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் சாதாரண ஃபிலிப்ஸ் வகையைப் போலத் தோன்றினாலும் ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தவை; அதற்குரிய திருப்புளி இல்லாமல் எஞ்சின் மூடியைத் திறப்பவர், அடுத்து டிரில் மெஷினைத் தேட வேண்டியிருக்கும். டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பார்க்கும் விளக்கு ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான வேலைகளைத் தொடங்கிவிடலாம்.

4. உள்ளபடியே ஓடவைத்தல்

எஞ்சின் ஓடுவதற்குக் கம்ப்ரஷன், சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோல் ஆகிய மூன்றும் வேண்டும். பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள்) உள்ள வண்டியில், பல ஆண்டு நின்றதால் தொடுமுனைகளில் படிந்திருக்கும் ஆக்சைடை மெல்லிய உப்புத்தாளால் நீக்கி, இடைவெளியை மேனுவலில் உள்ளபடி, பொதுவாக 0.35 முதல் 0.4 மி.மீ. வரை வைத்தால் தீப்பொறி பெரும்பாலும் திரும்பிவிடும். அதன்பின் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கார்புரேட்டரை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு துளை வழியாகவும் காற்று தடையின்றிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஐட்லிங்குக்கான ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழை அளவே இருப்பதால் அதுதான் முதலில் அடைபடும். கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும். சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடிப்பதே முறை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் ஓ-ரிங்கையும் கெடுப்பதால், அவற்றை எத்தனாலைத் தாங்கும் புதியவையாக மாற்றிவிட வேண்டும். ஃபைபர் டேங்க் என்றால் எத்தனால் அதன் பிசினையே இளக்கும்; கரைந்த பிசின் கார்புரேட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

டேங்கின் உட்புறத் துருவுக்கு, சலவைச் சோடா கலந்த நீரில் மின்பகுப்பு முறையோ சிட்ரிக் அமிலக் கரைசலோ நன்றாக வேலை செய்யும். அமிலத்தைக் கொட்டியவுடன் சோடா நீரால் அலசி உடனே உலர்த்தாவிட்டால் அன்றைக்கே புதிய துரு படரும். ஓட்டை அடைக்கவோ பிராக்கெட் ஒட்டவோ டேங்கில் வெல்டிங் செய்ய நேர்ந்தால், காலி டேங்கும் வெடிகுண்டுக்குச் சமம் என்பதை மறக்கக் கூடாது. உள்ளே தங்கும் பெட்ரோல் ஆவி பல மாதங்களுக்குப் பிறகும் வெடிக்கும். இந்த வேலையை அதற்கென்றே டேங்கை ஆவியற்றதாக்கும் வசதி உள்ளவரிடம் விட்டுவிட வேண்டும்.

ஆயிலை மாற்றிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். எஞ்சினும் கிளட்சும் ஒரே ஆயிலில் நனையும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ என்ற மோட்டார் சைக்கிள் ஆயில் தரம் குறித்த ஆயில் வேண்டும். உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் சேர்த்த கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். ஆயிலுக்குத் தனி டேங்க் உள்ள பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில், நீண்ட நாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கிவிடும். டேங்க் காலியாக இருக்கிறதே என்று மேலும் ஊற்றிக் கிளப்பினால், உபரி ஆயில் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். முதலில் கிராங்க் கேஸின் அடி போல்ட்டைத் திறந்து பார்ப்பதே நல்லது.

இதன்பின் எஞ்சினைத் திறக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வண்டியே பதில் சொல்லும். கம்ப்ரஷன் சரியாக இருந்து, புகையும் அடிச்சத்தமும் இல்லாமல் ஆயில் அழுத்தமும் இருந்தால், திறக்காமல் விடுவதே என் விருப்பம். திறக்க நேர்ந்துவிட்டால் அரைகுறையாக மூடக் கூடாது. குறிப்பாக ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ இரட்டை சிலிண்டர்களின் கிராங்கினுள் அழுக்கைத் தேக்கிவைக்கும் குழாய் ஒன்று உண்டு; அது நிரம்பினால் கனெக்டிங் ராட் பேரிங்குக்கு ஆயில் போகாது. புதிய பிஸ்டன் போட்டுவிட்டு இந்தக் குழாயைச் சுத்தம் செய்யாமல் மூடுவது வீண் செலவு.

5. நிறுத்தமும் நேர்கோடும்

பழைய பிரேக் ஷூக்களின் லைனிங்கில் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு. டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் போட வேண்டும். புதிய லைனிங் போட்டாலும் டிரம் பிரேக் பிடிக்கவில்லை என்று புலம்புபவர்கள், ஷூவின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்தும்படி லேத்தில் கடைந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. லைனிங்கின் நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்மானத் தடம் தெரிந்தால், மீதிப் பரப்பு வேலையே செய்யவில்லை என்று அறியலாம்.

டிஸ்க் பிரேக் பொருத்துபவர்கள் மாஸ்டர் சிலிண்டரின் அளவைத் தோற்றத்துக்காக மாற்றக் கூடாது. 14 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 16 மி.மீ. பிஸ்டன் போட்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது. அதே நிறுத்தத்துக்குக் கை 30 சதவீதம் அதிகமாக அழுத்த வேண்டும். லிவர் கல்லைப் போல இறுகியிருப்பதைப் பிரேக்கின் வலிமை என்று பலரும் தவறாக எண்ணுகிறார்கள். டாட் 4 திரவத்தையும் சிலிக்கோனால் ஆன டாட் 5 திரவத்தையும் கலக்கக் கூடாது. டாட் 4 பெயிண்ட்டில் சிந்தினால் அதை உரித்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். டயர் பரப்பின் கட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் ஓட்டக் கூடாது. ஸ்போக்ஸ் சக்கரத்தின் கோட்டத்தைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 1 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். பழங்கால ரம்பப் பல் வடிவக் கட்டை உள்ள டயர்கள் படத்தில் அழகாக இருக்கும். ஈரச் சாலையின் வளைவில் அவற்றை நான் நம்புவதில்லை.

ஸ்டீயரிங் தலையில் உள்ள பேரிங்கான கோன்செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஹேண்டில்பாரை இலேசாகத் தட்ட வேண்டும். அது தன் எடையிலேயே இருபுறமும் தடையின்றி விழ வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. நடுவில் வந்து ஒரு பள்ளத்தில் விழுவது போலத் தோன்றினால் குண்டுகள் கிண்ணத்தில் தடம் பதித்துவிட்டன. மாற்றுவதைத் தவிர வழியில்லை. பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனெனில் வேகத்தில் வண்டியின் வால் அலைவதற்கு அது தேய்ந்திருப்பது பொதுவான காரணம்.

இப்போது வண்டியை அதன் பழைய உருவிலேயே சில நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இந்த ஓட்டத்தைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் மனம் வரும். ஆனால் எந்த அதிர்வு முன்பே இருந்தது, எது நம் மாற்றத்தால் வந்தது என்று பின்னால் பிரித்தறிய இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

6. வடிவத்தை மாற்றுதல்

மாற்றியமைத்த வண்டிகள் ஓட்டுவதற்குக் கெட்டுப்போகும் இடம் ஸ்டீயரிங் கணக்குதான். ஸ்டீயரிங் அச்சின் சாய்வு ரேக் எனப்படும். அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தொலைவு டிரெயில் எனப்படும். சக்கரம் தானாக நேராகத் திரும்பி நிற்பது இந்த டிரெயிலால்தான். சக்கர ஆரம் 320 மி.மீ., ரேக் 27 டிகிரி, அச்சிலிருந்து சக்கர மையம் முன்தள்ளியிருக்கும் அளவு 60 மி.மீ. என்று கொண்டால், டிரெயில் ஏறக்குறைய 96 மி.மீ. வரும். இதே வண்டியில் பின்பக்கத்தை 50 மி.மீ. உயர்த்தினால், இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 1,400 மி.மீ. இருக்கும்போது, ரேக் 2 டிகிரி குறைந்து 25 ஆகிறது. டிரெயில் 83 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. ஸ்டீயரிங் விறுவிறுப்பாகத் திரும்பும், ஆனால் மேடுபள்ளத்தில் ஹேண்டில்பார் உதறத் தொடங்கலாம். அதற்கு மேல் ஃபோர்க்கையும் கிளாம்பினூடே மேலே தள்ளி முன்பக்கத்தைத் தாழ்த்துபவர்கள், ஒரே தவறை இருமுறை செய்கிறார்கள். சாப்பரில் நிலைமை தலைகீழ்: ரேக் கூடக் கூட டிரெயில் அளவுக்கு மீறி வளர்ந்து, மெதுவான வேகத்தில் சக்கரம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். ஆகவே ஷாக்கின் நீளத்தையோ ஃபோர்க்கையோ சக்கர அளவையோ மாற்றும் முன் தாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

சேஸிஸின் வாலை அறுத்து வளைவுக் குழாய் ஒட்டுவது கஃபே ரேசரிலும் பாபரிலும் வழக்கமான வேலை. ஷாக் பொருந்தும் இடத்துக்குப் பின்னால்தான் அறுக்க வேண்டும். இரு பக்கக் குழாய்களை இணைக்கும் குறுக்குக் குழாயை நீக்கினால் அதற்கு ஈடாக வேறொன்று வைக்க வேண்டும். புதிய குழாயின் உள்ளே சிறு துண்டு ஒன்றைச் செருகி, அதன்மேல் இரு முனைகளையும் சேர்த்து வெல்டிங் செய்தால் இணைப்பு உறுதியாக இருக்கும். பழைய பிரிட்டிஷ் சேஸிஸ்களில் பித்தளையால் பற்றவைத்த இணைப்புகளின் மேல் மின் வெல்டிங் செய்தால், பித்தளை கலந்து அந்த இணைப்பு விரிசல் விடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் செய்யவே கூடாது. வெப்பத்தில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

சீட்டின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன், பின் ஷாக்குகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை அது போகக்கூடிய உச்சி வரை தூக்கிப் பார்க்க வேண்டும். டயர் வளைவுக் குழாயிலோ, சீட்டின் அடியில் ஒளித்துவைத்த பேட்டரிப் பெட்டியிலோ, வயரிலோ முட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். நிறுத்திவைத்த வண்டியில் தெரியும் இடைவெளி பள்ளத்தில் விழும்போது இருக்காது.

தாழ்ந்த ஹேண்டில்பார் போட்டால் அதை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, டேங்குக்கும் கைக்கும் இடையே கட்டைவிரல் நசுங்காத இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுத் திருப்பும்போது அதன் வேகம் கூடினால், ஆக்சிலரேட்டர் கேபிள் குட்டை. கால் மிதிகளைப் பின்னே தள்ளும்போது கியர் லிவரைத் திருப்பிப் பொருத்தினால் கியர் வரிசை தலைகீழாகும்; பின்பிரேக் லிவர் குட்டையானால் மிதிக்கும் வலிமை போதாது. ஷாக்கை நீளமாக்கியிருந்தால் செயின் ஸ்விங் ஆர்மின் மேல் உரசும். செயின் தளர்வை, கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் மையம், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி வண்டியை அழுத்தி வைத்து அளக்க வேண்டும், ஏனெனில் செயின் மிக இறுகும் நிலை அதுவே.

7. வயரிங்

பழைய வயரிங்கில் ஒட்டுப்போட்டு நாளைக் கழிப்பதைவிட, புதிதாக ஒன்றை இழுப்பது எளிது. விளக்கு, ஹாரன், இக்னிஷன், சார்ஜிங் ஆகிய நான்கையும் தனித்தனி வரைபடமாகத் தாளில் வரைந்துகொண்டால் மொத்த வண்டியும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். 6 வோல்ட்டில் 35 வாட் பல்ப் ஏறக்குறைய 5.8 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் அதில் பாதிதான். துருப்பிடித்த இணைப்பில் விரயமாகும் விகிதம் 6 வோல்ட்டில் நான்கு மடங்கு என்பதால், அந்தக் கால முகப்பு விளக்குகள் மங்கலாக எரிந்ததற்கு பல்ப் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே சேஸிஸோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் இன்றைய எலக்ட்ரானிக் இக்னிஷனையோ ரெகுலேட்டரையோ மாட்டினால் அது அந்த நொடியே எரிந்துபோகும். பவுடர் கோட்டிங் செய்த சேஸிஸ் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் வயர் சேரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நேரடியாக ஒரு தடித்த எர்த் வயர் இழுத்துவிட்டால் பாதிச் சிக்கல்கள் வராது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த லித்தியம் பேட்டரி வைப்பவர்கள், பழைய ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அளவு மீறிய வோல்ட்டை அந்தப் பேட்டரி பொறுக்காது.

8. கார்புரேட்டரை மீண்டும் சரிசெய்தல்

காற்றுப் பெட்டியை நீக்கிக் கூம்பு வடிவ ஃபில்டர் மாட்டினாலோ, சைலன்சரை மாற்றினாலோ, காற்று கூடிப் பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுவது வரை போகும். கேபிள் இழுக்கும் ஸ்லைடு (காற்று வழியைத் திறக்கும் அடைப்பு) உள்ள சாதாரண கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை ஸ்லோ ஜெட்டும், கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டும், கால் முதல் முக்கால் வரை ஊசியும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் கலவையை ஆள்கின்றன. ஆகவே ஆக்சிலரேட்டர் பிடியில் கோடுகள் வரைந்து வைத்துக்கொண்டு, எந்தக் கோட்டில் எஞ்சின் தடுமாறுகிறது என்று பார்த்தால், எதை மாற்ற வேண்டும் என்பது ஊகமாக இருக்காது. ஒருமுறைக்கு ஒரு பாகத்தை மட்டுமே மாற்ற வேண்டும். வெற்றிடத்தால் ஸ்லைடு உயரும் வகைக் கார்புரேட்டர்கள் கூம்பு ஃபில்டரோடு ஒத்துப்போவது அரிது. அவற்றுக்கு அசல் காற்றுப் பெட்டியை ஒளித்தாவது வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

9. பெயிண்ட்டுக்கு முன் ஓட்டம்

எல்லாம் பொருந்திய பிறகு, வெல்டிங் தழும்புகளோடும் பெயிண்ட் இல்லாமலும் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிராக்கெட் விரிசல் விடுவதும், எங்கோ ஒரு கேபிள் உரசுவதும், சீட் இரண்டு அங்குலம் பின்னால் இருந்திருக்கலாம் என்று முதுகு சொல்வதும் இந்த ஓட்டத்தில்தான். அவற்றைத் திருத்தியபின் முழுவதும் கழற்றிப் பெயிண்ட்டுக்கு அனுப்பலாம். பவுடர் கோட்டிங் செய்பவரிடம் மரைகள், பேரிங் அமரும் இடங்கள், எர்த் இடங்கள், சேஸிஸ் எண் ஆகியவற்றை மறைத்துக் கொடுக்க வேண்டும். இரு கூட்டுப் பெயிண்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால், சாதாரண முகமூடியோடு அதைத் தெளிப்பது நுரையீரலுக்குக் கேடு.

10. பழக்குதலும் ஓட்டுதலும்

எஞ்சினைத் திறந்து வேலை செய்திருந்தால், முதல் சில நூறு கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றியிறக்கி ஓட்ட வேண்டும். மேல் கியரில் திணறவிடுவது, அதிக வேகத்தில் சுற்றவிடுவதைப் போலவே கெடுதல். முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றி, வெளியே வரும் ஆயிலில் உலோகத் துகள் பளபளக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேனுவல் கேட்டால் ஹெட் போல்ட்டுகளைக் குளிர்ந்த நிலையில் மீண்டும் இறுக்கி, டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) சரிபார்க்க வேண்டும்.

பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை உதைத்துக் கிளப்புவதற்கு வலிமையைவிட முறைதான் தேவை. கிக்கரை மெதுவாக அழுத்தி எதிர்ப்பு இறுகும் இடத்தைக் கண்டு, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்ட வைத்து, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு அதன் முழு நீளத்துக்கும் நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். பாதியில் காலை எடுத்தாலோ டைமிங் முந்தியிருந்தாலோ கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலை மூடும் ஷூ இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

1970-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலது காலிலும் பின்பிரேக் இடது காலிலும் இருந்தன. புதிய வண்டிக்குப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். ஆளில்லாத திடலில், யோசிக்காமலே சரியான கால் அழுந்தும் வரை பயிற்சி செய்த பின்னரே போக்குவரத்தில் நுழைய வேண்டும். டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறித் தன் பிடியை இழக்கும். நீண்ட இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும். முன்னால் போகும் புதிய வண்டி நிற்கும் தொலைவில் இந்த வண்டி நிற்காது என்பதால், இடைவெளியை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

அதிர்வு நட்டுகளைத் தளர்த்தும். முதல் 50 கிலோமீட்டர் ஓட்டம் முடிந்ததும், பிறகு சில வாரங்களுக்கு ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பின்னும், எஞ்சின் தாங்கும் போல்ட், சைலன்சர் கிளாம்ப், பின் அச்சு நட்டு, கால் மிதி, ஹேண்டில்பார் கிளாம்ப் ஆகியவற்றை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். தவறாக மாட்டினால் கிளிப் கழன்றுபோகும். சீட்டின் அடியில் பிளக், கிளட்ச் கேபிள், ஃபியூஸ், செயின் லாக், சிறிது வயர், அந்த வண்டியின் மரைக்குரிய ஸ்பேனர்கள் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். கார்புரேட்டரின் மிதவை வால்வு கசிந்தால், திறந்துவிட்ட டேப் வழியாகப் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும், அடுத்த நாள் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தால் அது தெரியும்.